ஒரு நிமிடம் கேட்ட தொகுதி

நல்லமங்கலம் நாடாளுமன்றத் தொகுதியிலிருந்து பதினாறு வருடத்தில் ஐந்து பேர் டெல்லிக்குப் போனார்கள். ஐவரும் போகும்போது ரயிலில் போய், வரும்போது விமானத்தில் வந்தவர்கள். அங்கே அவர்கள் என்னதான் செய்தார்கள் என்று யாராவது கேட்டால், தொகுதியின் பத்து லட்சம் பேரில் சரியாகப் பதில் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அவள் பெயர் வேலாத்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடி வேலை பார்த்தாள். டெய்லர் தைக்கத் தைக்கப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற வேலை அது. அரசியல் பக்கம் தலைவைத்துப் படுத்தவளில்லை. அவள் செய்த ஒரே தப்பு, எலவங்காட்டுப்புதூரில் தண்டவாளத்தை ஒட்டிய முதல் வீட்டில் குடியிருந்தது.

சோமனூருக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கிறது அந்த ஊர். வெள்ளைக்காரன் காலத்தில் பஞ்சுப் பொதி ஏற்ற ஒரு மேடை கட்டி, மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயரும் எழுதி வைத்திருந்தார்கள். மேடை இருந்தது, பலகை இருந்தது, ரயில் மட்டும் நிற்காது. ஆகவே பனியன் கம்பெனிக்குப் போகும் நாற்பது பெண்கள் விடிந்தும் விடியாமலும் கிளம்பி, தண்டவாளத்தோரம் ஜல்லியில் ஒரு மணி நேரம் மேற்கே நடந்து சோமனூருக்குப் போய், அங்கே ஏழு மணி பாசஞ்சரைப் பிடித்து, கிழக்கே தங்கள் ஊர் வழியாகவே திரும்பி வருவார்கள். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் அவரவர் வாசல் தெரியும். வேலாத்தாளுக்குத் தன் புருஷன் நஞ்சப்பன் கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதுகூடத் தெரியும். சோமனூரில் ராத்திரி ஷிப்டு தறி ஓட்டிவிட்டுச் சைக்கிளில் வந்து விழுகிறவன் அவன். இவள் அவன் வேலை பார்த்த ஊருக்கு நடந்து போய், அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவாள். தினமும் இப்படித்தான்.

1980இல் ஜெயித்ததற்கு நன்றி சொல்ல, முதலாம் உறுப்பினர் 1983இல் வந்தார். பெண்கள் ஜீப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். வேலாத்தாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி காளியாத்தாள்தான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, பாசஞ்சரு எங்கூர்ல ஒரே ஒரு நிமிசம் நின்னாப் போதுமுங்க."

"ஒரு நிமிசந்தானா?" என்று சிரித்தார் உறுப்பினர். "ஒரு மணி நேரம் கேட்டிருந்தாக்கூட வாங்கிக் குடுத்திருப்பனே!"

கொஞ்சம் கூடுதலாகக் கேட்டிருக்கலாமோ என்று ஊரே வருத்தப்பட்டது. அங்கேயே மனு எழுதினார்கள். முதல் வீட்டிலிருந்து கையெழுத்து வாங்க ஆரம்பித்ததால், 'வேலாத்தாள் மற்றும் 213 பேர்' என்று அது டெல்லிக்குப் போனது. உறுப்பினர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மக்களவையில் எழுத்துமூலம் கேள்வி கேட்டார். எழுத்துமூலம் பதில் வந்தது: 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, திரட்டியதும் அவையில் வைக்கப்படும்.' மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். பதிலின் நகல் வேலாத்தாள் வீட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஏறியது.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். அவையில் ஓர் அமைச்சர் 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்று சொல்லிவிட்டால் அது சாதாரணப் பேச்சில்லை. அதற்கு உறுதிமொழி என்று பெயர். சபை கலையும், ஆட்சி கவிழும், உறுதிமொழி கலையாது. அது நிறைவேறிற்றா என்று வருடா வருடம் கேட்க ஒரு குழு உண்டு. 'இன்னும் இல்லை' என்று வருடா வருடம் சொல்ல ஓர் அலுவலகம் வேண்டுமல்லவா? அதற்காக 'நிறுத்தத் தகவல் திரட்டுப் பிரிவு' என்று ஒன்றைத் திறந்தார்கள். அதற்கு ஞானசம்பந்தம் என்பவரை உதவியாளராகப் போட்டார்கள். நாற்பத்து நான்கு வயது வரை ஒரு பதவி உயர்வையும் கண்ணால் பார்க்காத மனிதர் அவர். பஸ்ஸில் இறங்கி நாலு மைல் வெயிலில் நடந்து எலவங்காட்டுப்புதூருக்கு வந்தார்.

கொங்கு நாட்டில் வாசலுக்கு வந்தவரிடம் கஷ்டத்தைச் சொல்கிற பழக்கம் கிடையாது. ஒறம்பரை என்கிற விருந்தாளி வந்தால், அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும் 'சாப்புட வாங்க' என்றுதான் சொல்ல வேண்டும். அவரிடம் போய் மூக்கைச் சிந்தினால் அது மரியாதையா? ஞானசம்பந்தத்துக்குக் கட்டிலை இழுத்துப் போட்டு மோர் கொடுத்தாள் வேலாத்தாள். அவர் படிவத்தை விரித்தார்.

"ரயில் நிக்காததுனால உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?"

"அய்யோ, கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்லீங்க சாமி. உங்க புண்ணியத்துல நல்லா இருக்கறமுங்க. நீங்கதான் பாவம், இந்த வேகாத வெயில்ல நடந்து வந்திருக்கறீங்க. இன்னொரு சொம்பு மோரு குடிங்க."

காளியாத்தாளையும் கேட்டார். "நடக்கறது ஒடம்புக்கு நல்லதுதானுங்களே" என்றாள் அவள். நாற்பது வாசலிலும் நாற்பது சொம்பு மோர். ஞானசம்பந்தம் நேர்மையான மனிதர், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அறிக்கை இப்படிப் போனது: 'மனுதாரர்களுக்குக் கஷ்டம் ஏதும் இல்லை. தகவல் திரட்டும் அலுவலர் வெயிலில் நடந்து வருவதே கஷ்டம் என ஒருமனதாகத் தெரிவித்தனர்.' மேலிடம் உடனே நடவடிக்கை எடுத்தது. மூன்றே மாதத்தில் ஞானசம்பந்தத்துக்கு ஒரு ஜீப் வந்தது.

"பரவால்லியே, மனுப் போட்டதுக்கு ஒரு வண்டி வந்துருச்சே!" என்றான் நஞ்சப்பன், கட்டிலில் புரண்டு படுத்துக்கொண்டு.

"சும்மா கெடங்க" என்றாள் வேலாத்தாள். அவளுக்கு உள்ளூரக் குழப்பமாகத்தான் இருந்தது. என்ன தப்பாகச் சொன்னோம் என்று அன்று முழுக்கத் துணி மடித்துக்கொண்டே யோசித்தாள்.

அடுத்த தேர்தலில் இரண்டாமவர் வந்தார். அவர் நல்ல பேச்சாளர் என்று பெயர். மக்களவையில் அவருக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் மேடைக்கு முன்னால் பந்தல் போட்டுப் பாராட்டு விழா எடுத்துக்கொண்டார். அதில் அந்த மூன்று நிமிடத்தை ஒன்றே கால் மணி நேரம் விவரித்தார்.

"நான் எழுந்தேன். சபை என்னைப் பார்த்தது. நான் சபையைப் பார்த்தேன். முதல் நிமிடம் அவைத் தலைவருக்கு நன்றி சொன்னேன். இரண்டாம் நிமிடம் என் தலைவருக்கு நன்றி சொன்னேன். மூன்றாம் நிமிடம் எனக்கு இந்த வாய்ப்பைத் தந்த உங்களுக்கு நன்றி சொல்லி, 'எலவங்' என்று வாயைத் திறந்தேன். மணி அடித்துவிட்டார்கள்! ஆனாலும் தோழர்களே, இந்தியத் துணைக்கண்டத்தின் நாடாளுமன்றத்தில், இந்த ஊரின் பெயர் பாதியாவது பதிவாகியிருக்கிறது! மீதிப் பாதியைப் பதிவு செய்ய அடுத்த முறையும் எனக்கே வாய்ப்புத் தாருங்கள்!"

கை தட்டினார்கள். அவர் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் நாலு ரயில் போனது. ஞானசம்பந்தம் ஜீப்பில் வந்து மீண்டும் கஷ்டம் கேட்டார். வீடு தேடி இரண்டாம் முறை வந்தவரிடம் முதல் முறையைவிட மரியாதையாக நடந்துகொள்ள வேண்டாமா? நடந்துகொண்டார்கள். அவருக்கு முதல் பதவி உயர்வு கிடைத்தது.

மூன்றாமவர் 1989இல் ஜெயித்து, சபை சீக்கிரமே கலைந்ததால் ஒன்றரை வருடம்கூட முழுசாக இருக்கவில்லை. ஆனால் அவர் கணக்கு வாத்தியார். புள்ளிவிவரம் இல்லாமல் பல் தேய்க்க மாட்டார். அவர் கேட்டு, ஞானசம்பந்தம் திரட்டிக் கொடுத்த விவரம் அவையில் வைக்கப்பட்டது. கடந்த ஐந்து ஆண்டுகளில் எலவங்காட்டுப்புதூரில் ரயில் ஏறியவர்கள்: இல்லை. இறங்கியவர்கள்: இல்லை. ஏற முயன்று புகார் தந்தவர்கள்: இல்லை. மூன்றாமவர் ஊருக்கு வந்து பெண்களை உட்கார வைத்து அன்பாகவே எடுத்துச் சொன்னார்.

"நிறுத்தம் கேக்கறது தப்பில்ல. ஆனா ஏர்றவங்களே இல்லாத எடத்துல நிறுத்தச் சொன்னா டெல்லில என்னையப் பாத்துச் சிரிக்கறாங்க. மொதல்ல நீங்க ஏறிக் காட்டுங்க. நிறுத்தறத நான் பாத்துக்கறேன்."

"ஓடற வண்டியிலீங்களா?" என்று கேட்டாள் வேலாத்தாள்.

"அதெல்லாம் நடைமுறைச் சிக்கல். கொள்கை அளவுல ஏர்றதுக்கு நீங்க தயாரா இல்லையா?"

கொள்கை அளவில் தயார் என்று நாற்பது பேரும் கைநாட்டு வைத்துக் கொடுத்தார்கள்.

நான்காமவர் காலத்தில்தான் விஷயம் சூடு பிடித்தது. அவர் உறுதிமொழிக் குழுவிலேயே உறுப்பினராகிவிட்டார். ரயில் எப்படி நிற்கிறது என்று பார்த்துவரக் குழுவின் பதினொரு பேர் சுவிட்சர்லாந்து போனார்கள். அங்கே ரயில்கள் நிற்பதை நேரில் கண்டு வியந்து, அறுபது பக்க அறிக்கை எழுதினார்கள். பிறகு 1994 மாசியில், ஏழெட்டுக் காரில் எலவங்காட்டுப்புதூர் மேடைக்கே வந்து இறங்கினார்கள். அன்றைக்குப் பெண்களைக் கம்பெனிக்குப் போக வேண்டாம் என்று முதல் நாளே தண்டோரா போட்டிருந்தது. நாற்பது பேரும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, கையில் தட்டில் சந்தனத்தோடு நின்றார்கள். இரண்டாம் பதவி உயர்வும் பெற்றுவிட்ட ஞானசம்பந்தம் மைக்கைச் சரிபார்த்தார்.

"ஒரு நிமிடம் என்றால் என்ன?" என்று ஆரம்பித்தார் குழுவின் தலைவர். "அது உங்களுக்கு அறுபது விநாடி. எங்களுக்கு அப்படியல்ல. ஒரு ரயில் ஒரு நிமிடம் நின்றால் பின்னால் வரும் ரயில் ஒரு நிமிடம் நிற்கும். அதன் பின்னால் வருவது நிற்கும். இப்படியே போனால் தேசமே ஒரு நிமிடம் நின்றுவிடும். நாங்கள் யாரும் உங்களுக்கு எதிரி இல்லை. உங்களைவிட நாங்கள் அவசரத்தில் இருக்கிறோம். இதோ, இன்று மத்தியானம் ஊட்டியில் எங்களுக்கு அடுத்த கூட்டம் இருக்கிறது. அப்படியும் உங்களுக்காக இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோமா இல்லையா?"

அப்போது யாரோ அவர் காதில் ஏதோ சொன்னார்கள். அவர் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். இந்தக் கேள்வியை முதன்முதலில் அவையில் எழுப்பிய முதலாம் உறுப்பினர், போன வாரம் காலமாகிவிட்டாராம். அவருக்காக எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்த வேண்டும் என்றார். எல்லோரும் எழுந்து தலையைக் குனிந்தார்கள். பாசஞ்சர் அன்றைக்கு ரொம்பத் தாமதமாக, சரியாக அந்த நேரத்துக்கு வந்தது. பதினொரு உறுப்பினர்களும் நாற்பது பெண்களும் ஆடாமல் அசையாமல் மேடையில் நிற்க, அவர்களின் துண்டையும் முந்தானையையும் ஒரு தூக்குத் தூக்கிவிட்டுப் போனது. அஞ்சலி முடிந்தபோது கடைசிப் பெட்டி வளைவில் மறைந்துகொண்டிருந்தது.

"ஏனக்கா, செத்தவருக்குக் குடுத்தாங்கல்ல ஒரு நிமிசம்?" என்று மெதுவாகக் கேட்டாள் வேலாத்தாள்.

"நாம உசுரோட இருக்கறமல்லொ, அதுதேன்" என்றாள் காளியாத்தாள்.

கிளம்பும்போது தலைவர் கை கூப்பி, "உங்களுக்குக் கஷ்டம் ஏதும் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்" என்றார். டெல்லியிலிருந்து இத்தனை தூரம் வந்தவர்கள். யாருக்கு மனசு வரும்? "ஒண்ணுமில்லீங்க, சாப்புட்டுட்டுப் போலாமுங்க" என்றது ஊர்.

1996இல் ஐந்தாமவர் ஜெயித்தார். அதற்குள் வேலாத்தாளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஜல்லியில் நடந்து நடந்து முட்டி கழன்றுபோயிருந்தது. கம்பெனியும் மாறிவிட்டது. வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறோம் என்று பெரிய கேட்டாகப் போட்டு, காலை எட்டு அடித்தால் மூடிவிடுவார்கள். வருடத்தில் மூன்று நாள் கேட்டுக்கு வெளியே நின்றால் நாலாம் நாள் வரவேண்டியதில்லை. அந்த வருடம் அடுத்த வருடம் என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். 1997 ஐப்பசியில் பிடித்தது மழை. சோமனூர் போகும் வழியில் பள்ளத்துப் பாலத்தில் நடப்பதற்குப் போட்டிருந்த பலகைகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. சுற்றிக்கொண்டு ரோட்டு வழியே நடந்து போனால் பாசஞ்சரைப் பிடிக்க முடியாது; பஸ்ஸில் போனால் ஒன்பது மணி. இரண்டு நாள் நாற்பது பேரும் கேட்டுக்கு வெளியே நின்று திரும்பி வந்தார்கள். இன்னும் ஒரு நாள்தான் பாக்கி.

மூன்றாம் நாள் நஞ்சப்பன் தூங்கவில்லை. "ஏறு கேரியர்ல" என்றான். பதினாலு வருடமாக அவனுக்குத் தோன்றாத யோசனை. ரோட்டு வழியே மூச்சிரைக்க மிதித்துச் சோமனூரில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். வேலாத்தாள் ஒருத்தி மட்டும் ரயிலில் உட்கார்ந்து வந்தாள். ஊர் வந்தது. ஜன்னலில் பார்த்தாள். மேடையில், மழையில், சோற்றுத் தூக்குப்போசியோடு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள் மற்ற எல்லோரும். ஏன் நிற்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. வீட்டில் உட்கார மனசில்லை, வந்து நின்றுவிட்டார்கள். காளியாத்தாள் இவளைப் பார்த்துக் கையை ஆட்டினாள், நீயாவது போ என்கிற மாதிரி. வேலாத்தாளுக்கு மனு ஞாபகம் வந்தது. முதல் கையெழுத்து என்னுடையது, இவளுகளை விட்டுவிட்டு நான் மட்டும் போவதா? எழுந்து சங்கிலியைப் பிடித்துத் தொங்கிவிட்டாள்.

பாசஞ்சர் கிறீச்சிட்டுக்கொண்டு நின்றது. மேடையில் நின்றவர்கள் ஒரு கணம் திகைத்து, அப்புறம் முந்தானையைச் செருகிக்கொண்டு விழுந்தடித்து ஏறினார்கள். கார்டு இறங்கி ஓடி வந்தார். தென்காசிப் பக்கத்து ஆள்.

"எவம்மா சங்கிலிய இழுத்தது?"

"தெரியலீங்களே சாமி. நீங்க காத்தால ஏதாச்சும் சாப்ட்டீங்களா?" என்றன நாற்பது குரல்கள்.

அன்றிலிருந்து பதினோரு நாள் இப்படியே நடந்தது. நஞ்சப்பன் மிதிப்பான், வேலாத்தாள் இழுப்பாள், ஊர் ஏறும். இந்தச் சமயம் பார்த்து ஞானசம்பந்தம் வருடாந்தரத் தகவல் திரட்ட வந்துசேர்ந்தார். மேடைக்கு எதிரில் ஜீப்பை நிறுத்தி மூன்று நாள் கண்ணால் பார்த்தார். கண்ணால் பார்த்ததை எழுதினார்: 'பாசஞ்சர் தினசரி நிற்கிறது. சுமார் நாற்பது பயணிகள் ஏறுகிறார்கள்.' எப்படி நிற்கிறது என்று படிவத்தில் கேள்வி இல்லை. டெல்லியில் பதினான்கு வருடத்துக்குப் பிறகு கோப்பு அசைந்தது. 'எலவங்காட்டுப்புதூரில் ரயில் நின்று செல்கிறது. உறுதிமொழி நிறைவேற்றப்பட்டது' என்று மக்களவையில் தாள் வைக்கப்பட்டது. மேசையைத் தட்டினார்கள்.

ஐந்தாமவர் அதே வாரம் மேடையில் கல்வெட்டுத் திறந்தார். 'தொகுதியின் நாடாளுமன்றப் பிரதிநிதித்துவ வரலாறு' என்ற தலைப்பில் ஐந்து உறுப்பினர்களின் பெயர்கள். ஐந்தாவது பெயர் மட்டும் மற்ற நாலும் சேர்ந்த அளவுக்குப் பெரிய எழுத்தில். "நாலு பேர் கேட்டார்கள், நான் நிறுத்தினேன்!" என்று முழங்கினார். "சிலர் கேட்கிறார்கள், பதவிக்கு வந்து ஒன்றரை வருடத்தில் இந்த ஊருக்கு ஒரு தடவைகூட வரவில்லையே என்று. வராமலேயே ரயிலை நிறுத்தியிருக்கிறேன் என்றால், வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!" டெல்லித் தாளின் நகலைப் போஸ்டராக அடித்து, சோமனூரிலிருந்து வேலம்பாளையம் வரை சுவர் பாக்கியில்லாமல் ஒட்டினார்கள்.

பன்னிரண்டாம் நாள் கார்டு அழாத குறையாகக் கை கூப்பினார். "தாயீ, வண்டி ஏன் நின்னுச்சுன்னு தெனமும் என்கிட்ட வெளக்கம் கேக்காக. என் இன்கிரிமென்ட்டப் புடிச்சிட்டாக. யாருன்னாவது சொல்லுங்க." அந்த முகத்தைப் பார்த்து வேலாத்தாளால் சும்மா இருக்க முடியவில்லை. "நானுங்க" என்றாள். பெயர் எழுதிக்கொண்டார்கள். கோர்ட் நாள் வரும்வரை அவள் இழுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

கார்த்திகை தீபத்தன்று கம்பெனிக்கு லீவு, கோர்ட்டுக்கு லீவில்லை. வேலாத்தாள் ரயில்வே கோர்ட்டில் நின்றாள். நிற்காத ரயிலைச் சங்கிலி இழுத்து நிறுத்தியதாகக் குற்றம். நஞ்சப்பன் சுவரிலிருந்து கிழித்துச் சுருட்டிக்கொண்டு வந்திருந்த போஸ்டரை நீட்டினான். நீதிபதி குற்றப் பத்திரத்தையும் போஸ்டரையும் மாறி மாறிப் படித்தார்.

"இந்த ஊர்ல ரயில் நிக்குதா, நிக்கலையா?" என்று ரயில்வே வக்கீலைக் கேட்டார்.

"உண்மையில் நிற்காது, கனம் நீதிபதி அவர்களே."

"நாடாளுமன்றத்துல நிக்குதுன்னு சொல்லியிருக்காங்களே. அது பொய்யின்னு எழுதிக் குடுக்கறீங்களா?"

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நிற்கிற இடத்தில் நின்ற ரயிலை ஒரு பெண் நிறுத்தியிருக்க வழியில்லை என்று வேலாத்தாளை விடுதலை செய்தார் நீதிபதி. ஆனால் ஒரு விரலை உயர்த்தினார். "இனிமே இழுக்கக் கூடாதும்மா. இழுத்தா, வண்டி தானா நிக்கலைன்னு சபைக்கு எதிரா சாட்சி சொன்ன மாதிரி ஆயிரும். அது பெரிய குத்தம். டெல்லிக்கே கூப்பிட்டு விசாரிப்பாங்க."

"டெல்லிக்குப் போற வண்டி எங்கூர்ல நிக்குங்களா?" என்று கேட்டாள் வேலாத்தாள். அவள் நிஜமாகவேதான் கேட்டாள்.

மறுநாள் காலை சோமனூரில் ஏறினால், சங்கிலிக்கு நேர் கீழே சீட்டில் ஞானசம்பந்தம் உட்கார்ந்திருந்தார். மடியில் தோல்பை. மூன்றாம் பதவி உயர்வு வந்து அதிகாரியாகியிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"உக்காருங்கம்மா" என்றார். "வண்டி தானா நிக்குதான்னு பாத்து எழுதச் சொல்லியிருக்காங்க. தயவுபண்ணி நீங்க இழுக்காதீங்க. அடுத்த மாசம் எனக்கு ரிட்டயர்மென்டு. பதினாலு வருசத்துக் கோப்பு, இப்பத்தான் மூடியிருக்கறேன்."

"தானா நிக்காதுங்களே சாமி."

"நிக்குதுன்னு சொல்லியாச்சேம்மா."

"நிக்காட்டி?"

"நிக்காட்டியும் நின்ன மாதிரிதான். நீங்க இழுத்தாத்தான் நிக்காத மாதிரி ஆயிரும்."

வேலாத்தாள் ஜன்னலில் பார்த்தாள். மஞ்சள் பலகை தெரிந்தது. வண்டி வேகம் குறையவில்லை. மேடையில் புதுக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் முப்பத்தொன்பது பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். வண்டி நிற்கும் என்று நம்பி முன்னால் நகர்ந்து வந்தார்கள். அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே நின்றால் அவ்வளவு பேருக்கும் வேலை போய்விடும்.

"சித்தெ தள்ளிக்குங்க சாமி" என்று சொல்லிவிட்டு, அவர் தோள்மேல் ஒரு கையை ஊன்றி எழுந்து, இழுத்தாள்.

வண்டி நின்றது. பெண்கள் ஏறினார்கள். எல்லோரும் ஏறி முடிக்க முக்கால் நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் வண்டி கிளம்பவில்லை. கார்டு வந்தார். நிற்கிற இடத்தில் வண்டியைச் சங்கிலி இழுத்து நிறுத்தினால் எந்தப் படிவத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஞானசம்பந்தத்தைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. சங்கிலி என்று எழுதினால் சபைக்கு அவமதிப்பு. நிறுத்தம் என்று எழுதினால் கால அட்டவணைக்கு விரோதம். 'காரணம் தெரியாமல் நின்றது' என்று எழுதலாமா என்று டிரைவர் வந்து யோசனை சொன்னார். அப்படியானால் எஞ்சின் பழுது பார்க்கும் ஆள் வரும்வரை நகரக்கூடாது என்றார் கார்டு. மூன்று பேரும் மேடையில் இறங்கி, கல்வெட்டின் மேல் தாளை விரித்து வைத்து விவாதித்தார்கள். பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. பெட்டிக்குள் எல்லோரும் வேலாத்தாள் முகத்தையே பார்த்தார்கள்.

அவள் நொண்டிக்கொண்டே வாசல்படிக்கு வந்தாள்.

"ஏனுங்க சாமி! எட்டு மணிக்குக் கேட்ட மூடிருவாங்க! எழுதுனது போதுமுங்க, வண்டிய எடுக்கச் சொல்லுங்க!"

"சித்த நேரம்மா" என்றார் ஞானசம்பந்தம், தலையைத் தூக்காமல். "இதுல உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே?"

"கஷ்டந்தானுங்க!" என்று கத்தினாள் வேலாத்தாள். தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே ஆச்சரியம். "பதினாலு வருசமாக் கஷ்டம்! கல்லுல நடந்து என்ற முட்டி போச்சுங்க! காளியக்கா மழையில வழுக்கி உழுந்து கை ஒடிஞ்சு கெடந்தா! நீங்க வந்து வந்து கேட்டீங்க, ஒறம்பரையாச்சேன்னு வாய மூடீட்டு மோரு ஊத்துனமுங்க! கஷ்டம்! கஷ்டம்! கஷ்டம்! கொடியக் காட்டச் சொல்லுங்க!"

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். அந்தத் தொகுதியின் வரலாற்றிலேயே யாரும் அப்படிக் கத்தியதில்லை. கார்டு வெலவெலத்துப்போய், என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே பச்சைக் கொடியைத் தூக்கிவிட்டார். டிரைவர் ஓடிப்போய் ஏறினார். வண்டி நகர்ந்தது. ஞானசம்பந்தம் தாள்களை அள்ளிக்கொண்டு ஓடி வர, காளியாத்தாள்தான் கை கொடுத்து உள்ளே இழுத்துப் போட்டாள்.

அவர் மூச்சு வாங்கத் தன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. பையைத் திறந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"கஷ்டம்னு சொல்லிட்டீங்கம்மா" என்றார், பாதி வருத்தமும் பாதிப் பழக்கமுமாக. "இனி விதிப்படி மறுபடியும் தகவல் திரட்டோணும். எந்த வருசத்துலேருந்து கஷ்டம்?"

கூட்டத்தில் நிற்கக்கூட இடமில்லை. உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் சாமானை மடியில் வாங்கிக்கொள்வது பாசஞ்சர் வண்டியில் எங்கும் உள்ள வழக்கம்தான். வேலாத்தாள் தன் தூக்குப்போசியை அவர் மடியில் வைத்தாள். "இதச் சித்தெப் புடிச்சுக்குங்க சாமி" என்றாள். காளியாத்தாள் தன்னுடையதை அதன்மேல் வைத்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்து வைத்தார்கள். சாம்பாரும் ரசமும் தளும்பும் நாற்பது போசிகள் படிவத்தின்மேலும் பேனாவின்மேலும் அடுக்கடுக்காக ஏறி, அவர் மோவாயைத் தொட்டன. கொஞ்சம் அசைந்தாலும் எல்லாம் சரிந்து கொட்டிவிடும். திருப்பூர் வரும்வரை ஞானசம்பந்தத்தால் ஓர் எழுத்துக்கூட எழுத முடியவில்லை.